நிலையாணையும் மாறும் சட்டமும்

பலர் ஒருங்குகூடித் தொழில் புரியும் இடம் ஆலையாயினும், அச்சுக்கூடமாயினும், மருத்துவசாலையாயினும், கல்லூரியாயினும், அங்கே இருவகைச் சட்டங்கள் நடைபெறுகின்றன. ஒன்று பாராளுமன்றத்தாரும் மாநிலச் சட்டசபையாரும் இயற்றுவது. மற்றொன்று அவ்விடத்தை நடத்துவோர் தமக்கென எழுதிவைத்துக்கொள்ளும் விதித்தொகுதி. வேலைக்கு வரவேண்டிய நேரம், விடுமுறை, சம்பளம் கொடுக்கும் நாள், குற்றஞ் சாட்டப்பெற்றாரை விசாரிக்கும் முறை, விலகுங்கால் ஒருவர் பெறத்தக்கவை ஆகிய யாவும் இவ்விரண்டாவதனுள் அடங்கும். ஆலைகளில் இதனை நிலையாணை என்பர். அலுவலகங்களில் பணிவிதி என்பர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

இவ்விரண்டனுள் வலிமை மிக்கது முன்னையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தொழிலாளர் கண்ணிற் படுவது பின்னையதே. அரசிதழை வாங்கிப் படித்துவிட்டுத் தறிக்குச் செல்லும் நெசவாளி யாண்டும் இலர். வாயிலில் தொங்கும் பலகையும், நியமனக் கடிதமும், குமாஸ்தாவின் வாய்ச்சொல்லுமே அவருக்குச் சட்டம். தில்லியில் சட்டம் மாறிய அன்றே வாயிற்பலகை தானாக மாறிவிடுவதில்லை. மாறிய சட்டத்திற்கும் மாறாத பலகைக்கும் நடுவே கிடக்கும் வெளியிலே, சட்டம் அளித்த உரிமை எவரும் பறிக்காமலே தொலைந்துபோகின்றது. இதற்கு முதலாளி வஞ்சகராயிருத்தல் வேண்டுவதில்லை. பழைய தாளை மாற்றாதிருந்தாற் போதும். இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதையும், இதனைத் தவிர்க்கும் வழி யாதென்பதையும் நம் நாட்டுச் சட்டங்களைக்கொண்டே ஈண்டு ஆராய்வோம். நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணாக்கருட் சிலர் நாளை பணிவிதிகளை எழுதும் நாற்காலியில் அமர்வர். மிகப் பலர் அவ்விதிகளின் கீழ் உழைப்பர். இருசாரார்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும்.

சட்டம் எத்துணை முறை மாறக்கூடும் என்பதற்கு வேலைநேரம் ஒன்றே போதிய சான்றாகும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டிற் பிறந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலுள்ளாரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்குமேல் வாங்கலாகாது என்றும் அது விதித்தது. வயதுவந்தோரைப்பற்றி அது வாய்திறக்கவில்லை. 1891இல் பெண்டிர்க்கு 11 மணி என்ற எல்லை வந்தது. 1911இல் நெசவாலைகளில் வேலைசெய்யும் ஆடவர்க்கு 12 மணி என்ற எல்லை வந்தது. 1922இல் வயதுவந்தோர் யாவர்க்கும் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்திற்கு 60 மணி; 1934இல் ஆண்டு முழுதும் நடைபெறும் ஆலைகளில் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி; 1946இல் 9 மணியும் 48 மணியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இக்கடைசி அளவையே நிலைபெறுவித்தது. ஒரே ஆலையில் பாட்டனும் தந்தையும் மகனும் உழைத்த குடும்பம் ஒன்று இருந்திருப்பின், மூவரும் மூவேறு சட்டங்களின்கீழ் உழைத்திருப்பர். சங்கு ஊதும் நேரத்தை ஆலையார் அவ்வப்போது மாற்றியிராவிடின், மகனும் பாட்டன் காலத்துச் சங்கிற்கே எழுந்து சென்றிருப்பான்.

சட்டம் இவ்வாறு நேரத்தை வரையறுத்ததாயினும், ஆலைக்குள் நடக்கும் ஏனையவற்றை நெடுங்காலம் முதலாளியின் விருப்பத்திற்கே விட்டிருந்தது. சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளரிடையே 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்து, நண்பகலுணவிற்கு விடும் வேளை போதாது என்பது அவர்கள் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. எவ்வளவு வேளை விடுவது, பிந்தி வந்தார்க்கு என்ன அபராதம் விதிப்பது, எக்குற்றத்திற்கு வேலையினின்று நீக்குவது என்பன எழுதப்பெறாமலும், எழுதப்பெற்றாலும் உழைப்போர்க்குத் தெரிவிக்கப்பெறாமலும் கிடந்தன. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே அபராதத்திற்கு முதன்முதல் கடிவாளமிட்டது. அபராதம் சம்பளத்தில் ரூபாய்க்கு அரையணாவிற்கு மேற்படலாகாது. எக்குற்றங்களுக்கு அபராதம் உண்டென்பதை அரசாங்கத்தார் ஒப்புதல் பெற்று விளம்பரம் செய்தல் வேண்டும். தொழிலாளர் தம் விளக்கத்தைக் கூற இடங்கொடாமல் அபராதம் விதித்தலாகாது. வசூலித்த தொகையும் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பெறல் வேண்டும் என்று அது கூறிற்று. 1982இல் அரையணா என்பது நூற்றுக்கு மூன்று என மாற்றப்பெற்றது. அணாவே வழக்கொழிந்து கால் நூற்றாண்டு சென்றபின்னரே சட்டத்தில் அணா ஒழிந்தது என்பதும் ஒரு வேடிக்கையே. சட்டமியற்றுவோரும் பழைய தாளை மாற்ற மறப்பதுண்டு போலும்.

இவையனைத்தினும் நம் பொருளுக்கு நெருங்கியது 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம். நூறு பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலைசெய்யும் தொழிலிடங்கள் தத்தம் விதிகளை எழுத்தில் வடித்து, அதற்கென நியமிக்கப்பெற்ற அதிகாரியிடம் சான்று பெறல் வேண்டும் என்று அது பணித்தது. முதற்கண் அவ்வதிகாரி விதிகள் சட்டத்தோடு பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்த்தார். அவை நியாயமானவையா என்றும் பார்க்கும் அதிகாரம் 1956இல் அளிக்கப்பெற்றது. இச்சட்டத்தில் இரு கூறுகள் சிறப்பாக எண்ணத்தக்கன. சான்று பெற்ற விதிகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி, அவர்கள் வந்துபோகும் வாயிலருகே தனிப் பலகைகளில் ஒட்டிவைத்தல் வேண்டும் என்பது ஒன்று. தமிழ்நாட்டு ஆலைவாயிலில் ஆங்கிலப் பலகை மட்டும் தொங்குமாயின், ஒட்டியும் ஒட்டாததே. மற்றொன்று, சான்று பெற்ற விதியை இருசாராரும் இசைந்தாலன்றி ஆறு திங்களுக்குள் மாற்றலாகாது என்பது. அதன்பின் முதலாளியேனும் தொழிலாளரேனும் மாற்றங் கோரலாம். எனவே, நிலையாணை என்பதிலுள்ள 'நிலை' என்னுஞ் சொல் என்றும் அசையாது நிற்பதைக் குறித்ததன்று. ஒருவர் மனம்போனபடி அசைக்கலாகாது என்பதையே குறித்தது. மாற்றுவதற்கு வழியையும் அச்சட்டமே காட்டியிருந்தது. அவ்வழியிற் செல்லாது வாளாவிருந்தோரே பலர்.

வாளாவிருத்தலால் விளைந்த தீங்கிற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேலையினின்று தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பெற்ற தொழிலாளர்க்கு, விசாரணை நடக்கும்போது முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்திற் பாதியும், அதன்மேலும் விசாரணை நீண்டு, அந்நீட்சிக்கு அவர் காரணரல்லராயின் முக்காலும் பிழைப்பூதியமாகத் தரல் வேண்டும் என்னும் விதி 1982இல் நிலையாணைச் சட்டத்திற் சேர்க்கப்பெற்றது. அதற்கு முன் எழுதப்பெற்ற விதித்தொகுதி ஒன்றில் இவ்வூதியத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையென்று வைத்துக்கொள்வோம். குமாஸ்தா அத்தாளைப் புரட்டிப் பார்த்து, 'விதியில் இல்லை' என்கின்றார். அவர் பொய் கூறவில்லை. அவர் கையிலுள்ள தாளில் உண்மையாகவே இல்லை. ஆறு திங்கள் சம்பளமின்றி வீட்டிலிருப்பவர் அடகுக்கடைக்கும் கடன்காரர் வாயிலுக்கும் நடக்கின்றார். குற்றமில்லை என்று முடிவாகி அவர் திரும்பி வரும்பொழுது, போன பொருள் திரும்பி வருவதில்லை.

இனி, சட்டத்திற்கும் பணிவிதிக்கும் உள்ள உறவு யாது என்பதைத் தெளிதல் வேண்டும். சட்டம் தரை போன்றது. பணிவிதி அத்தரையின்மேல் எவ்வளவு உயரமாயினும் எழலாம். தரைக்குக் கீழே செல்லலாகாது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறிற்று: அச்சட்டத்திற்கு மாறான ஒப்பந்தமும் பணிவிதியும் செல்லா, ஆயின் அச்சட்டம் தருவதினும் மிகுதியாகத் தரும் ஒப்பந்தமும் விதியும் செல்லும். இவ்வொரு நெறியை உள்ளத்திற் பதித்துக்கொண்டால், விதித்தொகுதியைத் திருத்துவோர் தவறும் இடங்கள் பெரும்பாலும் விளங்கிவிடும். சட்டம் உயர்ந்தபோது விதியை உயர்த்தாதது ஒரு தவறு. சட்டத்திற்கு ஒப்பாக்குகின்றோம் என்று சொல்லி, முன்னரே உயர்ந்திருந்த விதியைச் சட்டத்தின் மட்டத்திற்குத் தாழ்த்துவது அதனினும் பெருந்தவறு.

மேற்குறித்த சட்டப்படி பெண்டிர் பெற்றுவந்த ஊதியத்தோடு கூடிய விடுமுறை 12 வாரம். அது 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளினின்று 26 வாரமாயிற்று. உயிரோடிருக்கும் குழந்தைகள் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ளார்க்கு 12 வாரம் என்பதே நின்றது. ஐம்பதும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் அமைத்தல் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்குமுறை அங்குச் சென்றுவர விடல் வேண்டும் என்றும் விதிக்கப்பெற்றது. இவற்றோடு சேர்ந்து வந்த சிறிய விதி ஒன்று பலர் கண்ணிற்படாமற் போயிற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும், அவர் நியமனம் பெறும் நாளிலேயே, இந்நலன்கள் யாவற்றையும் எழுத்து வாயிலாகவும் மின்னஞ்சல் போன்றவற்றின் வாயிலாகவும் நிறுவனத்தார் தெரிவித்தல் வேண்டும் என்பதே அது. அரசிதழுக்கும் தொழிலாளர்க்கும் இடையேயுள்ள தொலைவைச் சட்டமியற்றுவோரே உணர்ந்து, அதனை நிரப்பும் கடமையை நிறுவனத்தார்மேல் வைத்தனர் என்பதற்கு இது சான்று. பழைய நியமனக் கடிதத்தின் படியையே எடுத்து நாளும் பெயரும் மட்டும் மாற்றி அனுப்பும் அலுவலகத்தில், 2017க்குப் பின்னும் 12 வாரம் என்றே அச்சிட்டிருக்கும். அதனை நம்பி மூன்றாந் திங்களிலேயே கைக்குழந்தையை விட்டு வேலைக்குத் திரும்பிய தாய்க்கு எஞ்சிய 14 வாரத்தை யாரால் மீட்டுத் தர இயலும்? பணமாயின் வட்டியோடு தந்துவிடலாம்.

விதியின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்றலும் ஆபத்தே. தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்க்கு, அவர் முதல் மணத்திற் பெற்ற குழந்தைகள் இருவர் உளர் என்பதையும், மகப்பேற்று விடுமுறை இரு குழந்தைகட்கே உரியது என்னும் பணிவிதியையும் காட்டி, மறுமணத்திற்குப்பின் பிறந்த குழந்தைக்கு விடுமுறை மறுக்கப்பெற்றது. மகப்பேற்று நலச் சட்டம் மூன்றாங் குழந்தைக்கு விடுமுறையின் அளவைக் குறைத்ததேயன்றி, அறவே நீக்கியதில்லை. உச்ச நீதிமன்றத்தார் 2025ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவ்வாசிரியைக்கு விடுமுறை உண்டு என்று தீர்ப்பளித்தனர். பணிவிதியை அச்சட்டத்தின் நோக்கத்தோடு இசைத்துப் படித்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆகவே, விதித்தொகுதியைக் காப்பவர் சட்டத் திருத்தங்களை மட்டுமன்றித் தீர்ப்புக்களையும் கருதுதல் வேண்டும்.

நம்மனோர்க்கு மிக அணித்தாயதும், பலரை அலைக்கழித்ததுமாகிய மற்றொரு பொருள் கிராஜுவிட்டி எனப்பெறும் பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோராண்டுப் பணிக்கும் 15 நாட் சம்பளம் என்று கணக்கிடச் சொல்லிற்று. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு ஒருநாட் சம்பளம் யாது? மாதத்திற்கு 30 நாள் எனக்கொண்டு வகுப்பதா, வார ஓய்வை நீக்கி 26ஆல் வகுப்பதா? 1980இல் உச்ச நீதிமன்றத்தார் 26ஆல் வகுத்தலை ஏற்றனர். 1987இல் பாராளுமன்றத்தார் அதனைச் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். சிறு வேறுபாடுதானே என்று எண்ணற்க. கடைசியாக மாதம் 26,000 ரூபாய் பெற்று, 30 ஆண்டுப் பணிக்குப்பின் ஓய்வு பெறும் ஒருவரைக் கொள்வோம். 26ஆல் வகுப்பின் அவர் பெறுவது 4,50,000 ரூபாய். 30ஆல் வகுப்பின் 3,90,000 ரூபாய். பழைய விதித்தொகுதியிலுள்ள ஓர் எண் அவரிடமிருந்து 60,000 ரூபாயை எடுத்துக்கொண்டுவிடுகின்றது. பணிக்கொடையின் உச்சவரம்பும் 2010 மே மாதத்தில் 10 இலட்சமாகவும், 2018 மார்ச்சு மாதத்தில் 20 இலட்சமாகவும் உயர்த்தப்பெற்றது. வரம்பினை எண்ணால் எழுதிவைத்த விதித்தொகுதிகள் ஒவ்வொரு முறையும் பழையனவாயின. 'அவ்வப்போது சட்டம் வரையறுக்கும் தொகை' என்று எழுதிவைத்தவை அவ்வாறு ஆகவில்லை. விதி எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க எளிய உபாயம் இது.

ஆசிரியர்க்குப் பணிக்கொடை உண்டா என்ற வழக்கோ கால் நூற்றாண்டு நீண்டது. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் கல்வி நிலையங்களுக்கு அச்சட்டம் விரிக்கப்பெற்றது. ஆயின், சட்டத்திலுள்ள 'ஊழியர்' என்னுஞ் சொல்லின் இலக்கணத்துள் ஆசிரியர் அடங்கார் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தார் தீர்ப்புக் கூறினர். வாயிற்காவலர்க்கும் குமாஸ்தாவிற்கும் உண்டு, பாடஞ் சொல்லுவார்க்கு இல்லை என்றாயிற்று. வேண்டுமாயின் சட்டமியற்றுவோர் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பிலேயே குறிப்பு இருந்தது. அங்ஙனமே 2009இல் பாராளுமன்றத்தார் அவ்விலக்கணத்தை விரித்து, அதனை 1997 ஏப்ரல் 3 முதலே செல்லுமாறு செய்தனர். தனியார் பள்ளிகள் பல அதனை எதிர்த்து வழக்காடின. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தார் அத்திருத்தம் செல்லும் என்றும், உரியதை வட்டியோடு கொடுத்தல் வேண்டும் என்றும் தீர்த்தனர். ஈண்டு நாம் கருதவேண்டியது காலத்தின் பின்னோட்டத்தை. 2005இல் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்க்குப் பணிக்கொடை இல்லையென்று கூறிய அலுவலகத்தார் அன்று தவறு செய்தவரல்லர். 2009க்குப்பின் அதே ஏட்டைத் திறவாதிருந்ததே தவறு. முடிந்துவிட்டது என்று கட்டிவைத்த கட்டையும் சட்டம் அவிழ்க்கச் சொல்வதுண்டு. புதிதாக வருவோர்க்கென விதியைத் திருத்திவிட்டு, முன்னரே சென்றோரை மறந்துவிடும் நிலையங்கள் இதனை எண்ணல் தகும்.

'நம்முடையது அறநிலையம், ஆலைச் சட்டங்கள் நமக்கு எதற்கு?' என்று வினவுவாரும் உளர். சிறுபான்மையோர் நடத்தும் கல்வி நிலையங்கட்கு அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தந்துள்ள நிருவாக உரிமையையும் அவர் துணைக்கழைப்பர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் வழக்கிலே இவ்வினா எழுந்து, தொழிற் தகராறுச் சட்டம் அத்தகைய நிலையத்திற்கும் பொருந்தும், அதனால் 30ஆம் பிரிவின் உரிமை குன்றாது என்று 1987இல் உச்ச நீதிமன்றத்தார் விடையிறுத்தனர். நிலையத்தை நடத்தும் உரிமை வேறு. உழைப்பவர்க்குப் பொதுச்சட்டம் அளித்ததை மறுக்கும் உரிமை வேறு.

இதுகாறும் விதியை மாற்றாமல் இருப்பதன் தீங்கைக் கூறினோம். விரைந்து மாற்றிவிடுவதும் தீங்கே. சட்டம் ஒன்றிற்கு மூன்று நாட்கள் உண்டு: சபையில் நிறைவேறிய நாள், குடியரசுத் தலைவரோ ஆளுநரோ இசைவளித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள். பத்திரிகைகள் முதல்நாளையே பெரிய எழுத்தில் அச்சிடும். தொழிலாளரைக் கட்டுவது மூன்றாம் நாளே. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டசபையில், ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலைவாங்க இடந்தரும் திருத்த மசோதா நிறைவேறிற்று. எதிர்ப்பு வலுத்தமையால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பெற்றது; மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்றே, முதலமைச்சர் அதனைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஏப்ரல் 22ஆம் நாட் காலைப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வேலைமுறையை மாற்றியெழுதிய ஆலை ஏதேனும் இருந்திருப்பின், அது இல்லாத சட்டத்திற்குக் கீழ்ப்படிந்ததாகும்.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு நான்கு தொழிற் சட்டத் தொகுப்புக்கள். சம்பளத் தொகுப்பு 2019இலும், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, தொழிலிடப் பாதுகாப்பு என்னும் ஏனை மூன்றும் 2020இலும் பாராளுமன்றத்தில் நிறைவேறி இசைவும் பெற்றன. ஆயினும், ஐந்தாண்டிற்கு மேலாக அவை பெரும்பாலும் ஏட்டளவில் நின்று, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாளே நடைமுறைக்குக் கொணரப்பெற்றன. மத்திய அரசாங்கத்தின் 29 பழைய சட்டங்கள் அவற்றுள் ஒடுங்கின. மேலே நாம் கூறிய சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், நிலையாணைச் சட்டமும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், மகப்பேற்று நலச் சட்டமும், பணிக்கொடைச் சட்டமும் அவ்விருபத்தொன்பதனுட் சேர்ந்தனவே. ஆதலின், பணிவிதிகளில் அச்சட்டங்களின் பெயரைக் குறித்துள்ள இடங்களெல்லாம் ஒரே நாளிற் பழையனவாயின. பெயரை அடித்துப் புதுப்பெயர் எழுதினாற் போதுமென்று கருதுவோர், உள்ளிருக்கும் பொருளும் பலவிடத்து மாறியதைக் காணத் தவறுவர்.

அவற்றுள் மிக ஆழமானது 'சம்பளம்' என்னுஞ் சொல்லின் புதிய இலக்கணம். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும், வீட்டுவாடகை முதலிய படிகளைப் பெரிதாகவும் வகுத்து எழுதும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. பணிக்கொடை முதலியன அடிப்படையைக்கொண்டு கணக்கிடப்பெற்றமையால் இதில் நிறுவனத்தார்க்கு மிச்சம். இப்பொழுது, படிகள் மொத்த ஊதியத்திற் பாதிக்கு மேற்படின், மேற்பட்ட பகுதி சம்பளமாகவே கருதப்பெறும். மொத்தம் 40,000 ரூபாயில் அடிப்படை 12,000, படிகள் 28,000 எனக் கொள்வோம். பாதியாகிய 20,000க்கு மேற்பட்ட 8,000 சம்பளத்தோடு சேர்ந்து, சம்பளம் 20,000 ஆகும். ஓராண்டுப் பணிக்குரிய பணிக்கொடை முன்னைக் கணக்கில் ஏறக்குறைய 6,923 ரூபாய்; புதுக்கணக்கில் 11,538 ரூபாய். விதித்தொகுதியில் 'அடிப்படைச் சம்பளத்தின்மேல்' என்னும் இரு சொற்கள் மாறாது நிற்குமாயின், அவ்வேறுபாடு முழுதும் தொழிலாளர்க்கு நட்டம்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவேன். தானே விலகுவோர்க்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்த்தல் வேண்டும். அடுத்த மாதச் சம்பள நாளில் தருவோம் என்னும் பழைய விதி இனி நில்லாது. நியமனக் கடிதம் ஒவ்வொருவர்க்கும் கொடுத்தல் கடமையாயிற்று. குறித்த காலத்திற்கென நியமிக்கப்பெற்றார்க்கு அக்காலம் முடியும்பொழுது, பணிக்கொடைக்கு ஐந்தாண்டு நிரம்பியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. நிலையாணைக்குரிய நூறு பேர் என்ற அளவு முந்நூறாக உயர்த்தப்பெற்றது. இக்கடைசி மாற்றம் எழுதப்பெற்ற விதியின் காவலைப் பல சிறு ஆலைகளினின்று அகற்றுகின்றது. இது தொழிலாளர்க்கு நன்மையன்று என்பது என் கருத்து. நூற்றைம்பது பேர் உள்ள ஆலை தன் பழைய விதிகளை உடனே கிழித்தெறியலாம் என்றும் இதற்குப் பொருளன்று. வேலைநேரம், விடுமுறை, ஒழுங்கு விதிகள் முதலியவற்றிற் குறித்த மாற்றங்களைச் செய்யுமுன் தொழிலாளர்க்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரல் வேண்டும் என்னும் பழைய நெறி புதிய தொகுப்பிலும் உள்ளது.

தில்லியை மட்டும் நோக்கியிருத்தலும் போதாது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இற் பிறந்த மாநிலச் சட்டம். நாள் முழுதும் நின்றுகொண்டே துணியும் நகையும் எடுத்துக் காட்டும் கடை ஊழியர்க்கு இருக்கை தரல் வேண்டும் என்னும் விதி அதில் 2021இற் சேர்க்கப்பெற்றது. 'வேலைநேரத்தில் உட்காரலாகாது' என்று எழுதியோ எழுதாமலோ இருந்த கடைவிதி அன்றே செல்லாததாயிற்று. நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவர்மேல் அபராதம் விதிப்பது சட்டத்தைப் பின்பற்றியதாகாது.

தாள் சரியாயிருந்தும் ஆள் இன்மையால் விதி செத்துக்கிடப்பதும் உண்டு. பணியிடத்தில் பெண்டிர்க்கு இழைக்கப்பெறும் பாலியல் தொல்லையைத் தடுக்க, 1997இல் உச்ச நீதிமன்றத்தார் விசாகா வழக்கில் நெறிகள் வகுத்தனர். 2013இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பத்துப் பேர் பணிபுரியும் இடமாயினும் உட்குழு ஒன்று அமைத்தல் வேண்டும். அதன் தலைவர் உயர்பதவியிலுள்ள பெண்ணாயிருத்தல் வேண்டும். உறுப்பினருட் பாதிக்குக் குறையாதார் பெண்டிராதல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெறல் வேண்டும். அக்குழுவை அமைத்த உத்தரவைக் கண்படும் இடத்தில் ஒட்டல் வேண்டும். உறுப்பினரின் பதவிக்காலமோ மூன்றாண்டிற்கு மேற்படாது. எனவே, ஒருமுறை எழுதி மாட்டிய பெயர்ப்பலகை மூன்றாண்டிற்குள் பழையதாகிவிடும். ஓய்வுபெற்று ஊர்போன பேராசிரியையின் பெயரும், யாரும் எடுக்காத தொலைபேசி எண்ணும் பலகையில் இருக்க, துயருற்ற இளம்பெண் ஒருவர் அப்பலகையின்முன் நின்றுவிட்டுத் திரும்பிப் போவாராயின், அந்நிலையத்தில் குழு உண்டென்று சொல்வது எதற்காக? முறையீட்டிற்கு அச்சட்டம் தந்துள்ள தவணையோ மூன்றே திங்கள்; தக்க காரணமிருப்பின் இன்னும் மூன்று திங்கள். பலகையின் பழமையால் அத்தவணையும் கழிந்துவிடும். இச்சட்டம் நடைமுறையில் எவ்வளவு தளர்ந்துள்ளதென்று 2023ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தாரே வருந்தியுரைத்து, குழுக்கள் அமைந்துள்ளனவா என்று ஆராயுமாறு அரசாங்கங்கட்குப் பணித்தனர்.

இனி, விதித்தொகுதியைக் காலத்தோடு ஒட்டவைத்துக் காப்பது யாங்ஙனம்? பெரிய நிறுவனங்கள் இதற்கென வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும். சிறியவற்றிற்கு நான் கூறத்துணிவது இவ்வளவே. இப்பணி இன்னாருடையது என்று ஒருவர் பெயரைக் குறித்தல் வேண்டும். எல்லார்க்கும் உரிய பணி ஒருவர்க்கும் உரியதாகாது. அவர் மத்திய, மாநில அரசிதழ்களைத் தொடர்ந்து பார்த்து, திருத்தம் எதுவாயினும் அது நடைமுறைக்கு வந்த நாளையும், நம் விதியில் எந்தப் பக்கத்தைத் தொடுகின்றது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரல் வேண்டும். விதித்தொகுதியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது கடைசியாகத் திருத்தப்பெற்ற நாள் இருத்தல் நன்று. நாளில்லாத விதி உயிரோடிருக்கின்றதா என்பதைப் படிப்பவர் அறியார். திருத்தியபின் தாளை ஒட்டுவதோடு நில்லாமல், உழைப்போரைக் கூட்டி, அவர் பேசும் தமிழில், பழையது யாது, புதியது யாது, எந்நாள் முதல் என்று சொல்லல் வேண்டும். துப்புரவு செய்வோரையும் ஒப்பந்தக்காரர் வாயிலாக வருவோரையும் அக்கூட்டத்திற்கு அழைக்க மறத்தலாகாது. சட்டம் மாறியதைக் கடைசியாக அறிபவர் எப்பொழுதும் அவரே. சம்பளக் கணக்கு எழுதும் குமாஸ்தாவும் அவ்விடத்திருத்தல் நலம். விதியைத் திருத்திவிட்டுக் கணினியிலுள்ள பழைய வாய்பாட்டைத் திருத்தாது விட்டால், பலகை ஒன்று சொல்ல, சம்பளச் சீட்டு வேறொன்று சொல்லும்.

ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. புதிய தாள் வந்ததும் பழைய தாளைக் கழித்துவிடுதல் அலுவலக வழக்கம். அது கூடாது. இன்று ஓய்வு பெறுபவர் முப்பதாண்டிற்கு முன் எவ்விதியின்கீழ் நியமனம் பெற்றார், அன்று சட்டத்தினும் மிகுதியாக அவருக்கு வாக்களிக்கப்பெற்றது யாது என்பதைக் காட்டவல்லது அப்பழைய தாளே. 1997க்கும் 2009க்கும் இடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தம் பணிக்கொடையைக் கேட்டு வந்தபொழுது, அவர்கள் சேர்ந்த நாளையும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தையும் காட்டும் ஏடுகள் எந்நிலையங்களில் இருந்தனவோ, அங்கே கணக்கு ஒரு பிற்பகலில் முடியக்கூடியதாயிருந்தது.